நீராடு குழாயும் நோய் நுண்ணுயிரும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பற்றியன்றி இம்மேடையில் வேறொன்றும் பேசியறியாத யான், இன்று குளியலறையைப் பற்றிப் பேச எழுந்திருப்பது உங்களுட் சிலர்க்கு வியப்பை விளைக்கலாம். செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது காப்பியம் ஒன்றைப் பற்றிய விரிவுரையையே எதிர்பார்த்தனர். யான் பொருளைக் கூறியதும் சிறிது நேரம் வாய்வாளாதிருந்து, பின்னர், "பண்டிதரே, குளிப்பதற்குமா பாடம்?" என்று கேட்டனர். அவ்வினா நியாயமானதே. யான் மருத்துவம் கற்றவனல்லேன். ஆயினும் சென்ற ஆண்டு என் குடும்பத்தில் நேர்ந்த ஒரு துன்பம் என்னை இத்துறை நூல்களைத் தேடிப் படிக்கச் செய்தது. படித்தவற்றுள் ஐயமற விளங்கியவற்றை மட்டும் ஈண்டு கூறுகின்றேன்.

என் தாய்மாமன் அகவை 68 உடையவர். நீரிழிவு நெடுநாளாக உண்டு. பீடியை விட்டு இரண்டாண்டே ஆகியிருந்தது. உறவினர் வீட்டுத் திருமணத்தின் பொருட்டு வெளியூர் சென்று, அங்கே ஒரு தங்கும் விடுதியில் மூன்று நாள் இருந்து திரும்பினார். திரும்பிய ஆறாம் நாள் சுரம் கண்டது. தலைவலியும் உடல்நோவும் வறட்டிருமலும் தொடர்ந்தன, வயிறும் போயிற்று. மூன்றாம் நாள் பிதற்றத் தொடங்கினார். தம் மகளை அவள் பாட்டியின் பெயரால் அழைத்தார். முதலிற் பார்த்த மருத்துவர் பென்சிலின் இனத்து மருந்தை அளித்தார். அதனாற் பயன் விளையவில்லை. நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர் மார்புப் படத்தை நோக்கிவிட்டு, "இந்த இரண்டு வாரத்துக்குள் இவர் வெளியிடம் எங்கேனும் தங்கிக் குளித்தாரா?" என்று கேட்டார். நுரையீரல் நோய்க்கும் குளியலுக்கும் யாது தொடர்பு என்று யாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சிறுநீரைச் சோதிக்கச் செய்தார், நோய் இன்னதென்று மறுநாளே தெரிந்தது, மருந்து மாற்றப்பட்டது. மாமன் 19 நாள் படுக்கையிற் கிடந்து பிழைத்து எழுந்தார். அவ்விடுதியின் நீரை எவரும் சோதித்திலர். ஆதலின் அதன்மேற் பழி சுமத்த யான் துணியேன். அந்நோயின் பெயர் 'லீஜியனேர் நோய்' என்பது.

இப்பெயர் வந்த வரலாறு அறியத்தக்கது. அமெரிக்க நாட்டிலே பழம் போர்வீரர்கள் கூடிய சங்கம் ஒன்றுண்டு. அதற்கு 'அமெரிக்கன் லீஜியன்' என்று பெயர். லீஜியன் என்பது படைப்பிரிவு எனப் பொருள்படும் சொல். 1976-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அந்நாடு விடுதலை பெற்ற 200-ஆம் ஆண்டு விழாக் காலத்தில், பென்சில்வேனியா மாகாணத்து உறுப்பினர்கள் பிலடெல்பியா நகரத்தில் ஒரு பெரிய ஓட்டலில் மகாநாடு கூடினார்கள். கலைந்து தத்தம் ஊர் சென்ற சில நாட்களுக்குள் ஒருவர் பின் ஒருவராகச் சுரத்தில் வீழ்ந்தனர். அவ்வோட்டலில் தங்கியவரும் அதன் அருகே நடமாடியவருமாக 221 பேர் நோயுற்றனர். 34 பேர் மாண்டனர். நம்மைப்போல் ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு மகிழ்ச்சியோடு சென்றவர்கள் அவர்கள் என்பதை எண்ணும்போது என் மனம் நடுங்குகிறது.

காரணம் யாதென எவரும் அறிந்திலர். நஞ்சென்றார் சிலர்; சதியென்றார் சிலர். அறிவியலார் ஐந்து திங்கள் தேடியும் கிருமி அகப்படவில்லை. அரசாங்க நோய்த் தடுப்பு நிலையத்தில் பணியாற்றிய ஜோசப் மக்டேட் என்பார், முன்னரே பார்த்து ஒதுக்கிவைத்த கண்ணாடிச் சில்லுகளைக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மீண்டும் எடுத்து நுண்ணோக்கியில் நோக்கினார். முன்பு பொருட்படுத்தாது விட்ட சிறு கோல்வடிவ உயிர்கள் இம்முறை அவர் கருத்தை ஈர்த்தன. 1977 ஜனவரியில் அவரும் சார்லஸ் ஷெப்பர்டு என்பாரும் நோயின் காரணத்தை வெளியிட்டனர். 'லீஜியனெல்லா நியூமோபிலா' என்று பின்னர் அதற்குப் பெயரிடப்பட்டது. பிற்பகுதிக்கு 'நுரையீரலை விரும்புவது' என்பது பொருள். இப்பெயரினும் பொருத்தமான காரணப்பெயரை யான் கண்டிலேன். 1968-இல் மிச்சிகன் மாகாணத்துப் பாண்டியாக் என்னும் ஊரில் ஓர் அலுவலகத்தாரைப் பற்றிய விளங்காக் காய்ச்சலும் இக்கிருமியின் வேலையே என்பது பின்னர்ப் புலனாயிற்று. அங்கே இறந்தவர் ஒருவரும் இலர்.

பிலடெல்பியாவில் ஐயம் சென்றது குளிரூட்டும் பொறியின் நீர்மீது. எனினும் 1980-இல் இங்கிலாந்தில், சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றோர் தங்கிய ஒரு மருத்துவமனையிலே இதே கிருமி குளியலறை ஷவரிலிருந்து எடுக்கப்பட்டது. அன்று முதல் நீராடு குழாயும் விசாரணைக்கு உட்பட்டதாயிற்று.

நிற்க. குளத்து நீரிலும் ஆற்று நீரிலும் இயல்பாகவே சிறிதளவு வாழும் இவ்வுயிர், ஷவரில் மட்டும் தீங்கு செய்வானேன் என்று நீங்கள் வினவலாம். விடை இரண்டு பகுதியாக உள்ளது. முதலாவது, அது வளரும் இடம். சென்டிகிரேட் 25 டிகிரி முதல் 45 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான தேங்கிய நீரில் அது செழித்துப் பெருகும். குழாயின் உட்புறத்தையும் ஷவரின் துளைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு வழுவழுப்பு ஒட்டும். அது வெறும் அழுக்கன்று. எண்ணிறந்த நுண்ணுயிர்கள் கூடிக் கட்டிய படலம். அதில் அமீபா என்னும் ஓரணு உயிர்கள் மேய்கின்றன. அமீபா, கிருமியை உணவென்று விழுங்கும். விழுங்கப்பட்ட லீஜியனெல்லாவோ சீரணமாகாது அதன் வயிற்றிலேயே பெருகி, அதனைப் பிளந்துகொண்டு வெளிப்படும். நம் நுரையீரலிற் காவல் புரியும் வெள்ளணுக்களும் அந்நியக் கிருமியை அமீபாவைப் போலவே விழுங்கி அழிக்கும் இயல்பின. குழாயிற் கற்ற வித்தையை இக்கிருமி நுரையீரலில் அப்படியே நடத்துகிறது. காவலனையே வீடாகக் கொண்ட கள்வனுக்கு வேறு யார் காவல்?

இரண்டாவது, அது உட்புகும் வழி. இந்நீரைப் பருகுவதால் இந்நோய் பெரும்பாலும் வருவதில்லை. புரையேறி நீர் மூச்சுக்குழலுட் சென்றால் வரக்கூடும். நோயாளியிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றுவதும் இல்லையென்றே கூறலாம். நீர் நுண்திவலையாகச் சிதறி, மயிரின் தடிப்பிற் பத்தில் ஒரு பங்கினும் சிறிய துளிகளாய் மூச்சோடு நுரையீரலின் அடிவரை சென்றாலன்றித் தீங்கில்லை. ஷவரின் தொழிலோ நீரைச் சிதறடித்தலே.

இவ்விடத்தில் ஒரு சொல் ஆராய்ச்சிக்கு இடந்தாருங்கள். பண்டிதனை அழைத்தால் இத்தொல்லை உண்டு. 'குளித்தல்' என்பது 'குளிர்த்தல்' என்பதன் திரிபு என்று இக்காலத்துப் பலர் எழுதி வருகின்றனர். குளித்தல் என்பதற்கு மூழ்குதல் என்பதே பழம்பொருள். முத்துக் குளித்தல் என்னும் வழக்கு இன்றும் அதற்குச் சான்று. அங்ஙனமாயின் ஷவரின்கீழ் நிற்பவர் குளிப்பவர் அல்லர். மழையில் நனைபவரே ஆவர். ஆற்றில் மூழ்கியும், தொட்டி நீரைச் செம்பால் மொண்டு ஊற்றியும் நீராடிய நம் முன்னோர் இந்நுண்திவலையை மிகுதியாக முகர்ந்திலர். இதனைக் கேட்டவுடன், "அவர்கள் கிருமியை அறிந்தே அவ்வாறு செய்தார்கள்" என்று பெருமை பேச எழுவோர் நம்மிடையே உளர். அது பொய்ப்பெருமை. அவர்களிடம் ஷவர் இல்லை, அவ்வளவே. அவர்கள் மூழ்கிய குளத்தில் வாந்திபேதிக் கிருமி இருந்ததையும் நாம் மறத்தலாகாது.

லீஜியனெல்லாவுக்கு ஒரு பங்காளியும் உண்டு. காசநோய்க் கிருமியின் குடும்பத்திற் பிறந்து, ஆனாற் காசநோயை உண்டாக்காத மைக்கோபாக்டீரியா வகைகள் பல நீரிலே வாழ்கின்றன. முன்னமே நுரையீரல் பழுதுற்றோர்க்கு இவை நெடுநாள் இருமலையும் இளைப்பையும் தருவன. மருந்தோ திங்கட்கணக்கில் உண்ணவேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்து நார்மன் பேஸ் என்பாரும் அவர் குழுவினரும் அமெரிக்க நகரங்கள் ஒன்பதில் 45 ஷவர்த் தலைகளின் படலத்தை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டனர். குழாய் நீரில் இருப்பதினும் 100 மடங்குக்கு மேலாக இவ்வினத்துக் கிருமிகள் படலத்திற் செறிந்திருத்தலைக் கண்டனர். 2018-இல் அதே பல்கலைக்கழகத்தார் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 656 வீடுகளிலிருந்து படலத்தைப் பஞ்சினால் எடுத்து அனுப்பச் செய்து ஆராய்ந்தனர். கிணற்று நீர் வரும் வீடுகளைக் காட்டிலும் குளோரின் கலந்த நகராட்சி நீர் வரும் வீடுகளில் இவ்வினம் மிகுதியாக இருந்தது. இவற்றின் மேலுறை மெழுகுபோன்றதாகலின் குளோரினுக்கு எளிதில் மாய்வதில்லை; மற்றவை மாய, இவை எஞ்சி இடம்பிடித்துக்கொள்கின்றன. உலோகத் தலையினும் பிளாஸ்டிக்குத் தலையில் இவை குறைவு என்பதும் அவ்வாராய்ச்சியிற் கண்டது. பளபளக்கும் விலையுயர்ந்த உலோக ஷவரை வாங்கி அதன் பெருமையை விருந்தினர்க்குக் காட்டும் அன்பர்கள் இதனைச் சற்றே கருதுவாராக!

இவ்வாராய்ச்சிகளைக் கண்டு குளோரின் வேண்டா என்று முடிவு செய்துவிடாதீர்கள். குளோரின் நீங்கினால் வாந்திபேதியும் குடற்சுரமும் புகும், லீஜியனெல்லாவும் பெருகும். மிச்சிகன் மாகாணத்துப் பிளிண்டு நகரில் 2014-இல் குடிநீரின் மூலத்தை மாற்றினார்கள். அந்நீர் குழாய்களை அரித்தது. அரிப்பிலே குளோரின் செலவழிந்தது. 2014, 2015 ஆகிய இரண்டாண்டுகளில் அவ்வட்டாரத்தில் ஏறக்குறைய 90 பேர் லீஜியனேர் நோயுற்று 12 பேர் இறந்தனர்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். மேல்நாட்டு நூல்கள், குளிர்ந்த நீரை 20 டிகிரிக்குக் கீழும், கொதிகலத்தின் வெந்நீரை 60 டிகிரியிலும் வைக்க என்று விதிக்கின்றன. சித்திரை வைகாசியில் நண்பகலில் நம் வீட்டுக் குழாயைத் திறந்தவர் எவரும் முதல் விதியைக் கேட்டு நகைப்பர். மொட்டை மாடித் தொட்டியில் நீர் நாள் முழுதும் வெயிலில் வேகின்றது. 'குளிர்நீர்க் குழாய்' என்பது நமக்கு இடுகுறிப்பெயரே. கிருமி விரும்பும் சூட்டிலேயே நம் நீர் ஆண்டின் பெரும்பகுதியில் நிற்கின்றது. ஆழ்துளைக் கிணற்று நீரிலோ குளோரின் அறவே இல்லை, உப்பு மிகுதி. உப்புப் பொருக்குப் படிந்த இடமெல்லாம் படலத்துக்குப் பற்றுக்கோடு. ஆதலின் நாம் செய்யக்கூடியன இவை: தொட்டிக்கு இறுக மூடியிடுக, வெயில் நேரே படாதவாறு கூரையோ வெண்பூச்சோ அமைக்க, ஆண்டுக்கு இருமுறையேனும் வண்டல் நீக்கித் தேய்த்துக் கழுவுக. தேவைக்கு மேற்பட்ட பெருந்தொட்டி வைத்தலும் குற்றமே. நீர் நாட்கணக்கிற் கிடந்தால் நகராட்சியார் இட்ட குளோரினும் தொட்டியிலேயே பறந்துபோம்.

கீசரைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஏனெனின் இங்கே இரண்டு நன்மைகள் தம்முள் மாறுபடுகின்றன. 15, 25 லிட்டர் கொள்ளும் கீசரைப் பத்து நிமிடம் போட்டு, நீர் வெதுவெதுப்பானவுடன் நிறுத்திவிடுதல் நம் சிக்கனம். அந்நீர் 60 டிகிரியைத் தொடாமலே இளஞ்சூட்டில் மறுநாள் வரை கிடக்கின்றது. கிருமிக்கு இதனினும் நல்ல தொட்டில் இல்லை. 60 டிகிரியில் லீஜியனெல்லா சில நிமிடங்களில் மாயும். 50 டிகிரியில் மாய மணிக்கணக்காகும். எனவே திருகை 60-க்கு வைத்து, விளக்கு அணையும் வரை காயவிடுதல் நன்று. ஆனால் 60 டிகிரி நீர் மேலிற் பட்டால் ஐந்தாறு விநாடியிலேயே தோல் வெந்துபோம். குழந்தைக்கும் முதியோர்க்கும் அதனினும் விரைவு. சுட்டுக்கொள்ளாமைக்காகச் சூட்டைக் குறைத்தால் கிருமி வளரும். கிருமிக்காகச் சூட்டை ஏற்றினால் தோல் வேகும். இச்சிக்கலை மேல்நாட்டார் குழாயின் முடிவிலே கலப்புக் கருவி பொருத்தித் தீர்க்கின்றனர். நம் வீட்டில் அதற்கு வாளி போதும். முதலிற் குளிர்நீர் விட்டு, பின் வெந்நீர் கலந்து, கைவிட்டுப் பார்த்துக் குளித்தல் பழைய முறையே. கதிரவன் வெப்பத்தால் நீர்காய்ச்சும் கருவி உடையோர், கார்காலத்து மேகமூட்டத்தில் அது இளஞ்சூட்டோடு நின்றுவிடுமாதலின், அந்நாட்களில் மின்சாரத்தின் துணையைக் கொள்ள வேண்டும்.

ஷவரின் தலையை மூன்று திங்கட்கு ஒருமுறையேனும் கழற்றுக. வினிகரில் இரவு முழுதும் ஊறவைத்தால் உப்புப் பொருக்குக் கரையும். மறுநாள் பழைய பல்துலக்கியால் துளைதோறும் தேய்க்க. வினிகரோடு பிளீச்சிங் பவுடர் முதலியவற்றை ஒருநாளும் கலக்கற்க. கலந்தால் எழும் குளோரின் வாயு மூடிய குளியலறையில் உயிர்க்கே இறுதியாகும். பிளீச்சினால் ஒருமுறை கழுவிவிட்டால் என்றைக்கும் தூய்மை என்று நினைப்பதும் பிழை. பேஸ் குழுவினர், அவ்வாறு கழுவிய ஒரு ஷவரைச் சில திங்கள் கழித்து ஆராய்ந்தபோது, மைக்கோபாக்டீரியாவுள் ஒருவகை முன்னையினும் பெருகியிருந்தது. தேய்த்தலும், உலர்தலும், பழையதாயின் மாற்றுதலுமே தக்கவை. கையிற் பிடிக்கும் ஷவரின் நெளிகுழாய் வளைவிலே நீர் தேங்குமாதலின், குளித்தபின் அதனைத் தாழ்த்தி வடித்துவிடுக. சாளரத்தைத் திறந்து வைக்க.

நலமுள்ள இளைஞர் ஷவரில் நீராடுவதை அஞ்சித் துறக்கவேண்டியதில்லை. அவர்களுட் பெரும்பாலோர்க்கு ஒன்றும் நேர்வதில்லை. ஐம்பது கடந்தோர், புகைப்போர், நீரிழிவும் சிறுநீரக நோயும் நெடுநாள் நுரையீரல் நோயும் உடையோர், புற்றுநோய்க்கு மருந்துண்போர், உறுப்பு மாற்றம் பெற்றோர் ஆகியோரே அஞ்சத் தக்கவர். இந்நோயுற்றோருட் பத்தில் ஒருவர் இறக்கின்றார். இவர்கள் வாளியும் குவளையுமாகக் குளித்தல் ஏற்றது. மூச்சுத் திணறலுக்கு வீட்டிலே ஆவிப்பொறி வைத்திருப்போர் அதனைக் குழாய் நீராற் கழுவி ஈரத்தோடு வையாமல், கொதித்து ஆறிய நீராற் கழுவி உலர்த்துக. வீட்டில் எவர்க்கேனும் இருமலோடு கடுஞ்சுரம் கண்டால், முன்னிரண்டு வாரத்தில் எங்கே தங்கினார், எவ்வகை நீரில் நீராடினார் என்பதை மருத்துவர் கேளாவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பென்சிலின் இனம் இந்நோயைத் தீர்க்காது. இதற்குரிய மருந்து வேறு. அதனைக் காலத்தே கொடுத்தல் வேண்டும்.

கடைசியாக, நம் சங்கத்துக் கலியாண மண்டபத்தைப் பற்றி ஒரு சொல். யான் குறைகூற வந்தவனல்லேன். அதன் அடிக்கல் நாட்டு விழாவில் வாழ்த்துப்பா பாடியவன் யானே. மேல்மாடியில் மணமகன் வீட்டார்க்கென ஒதுக்கிய பன்னிரண்டு அறைகளிலும் கீசரும் ஷவரும் உள்ளன. ஆடித் திங்கள் முழுதும், மார்கழி முழுதும் முகூர்த்தம் இல்லை; அறைகள் பூட்டிக் கிடக்கின்றன; குழாய்களிலும் கீசர்களிலும் அந்நீர் அப்படியே நிற்கின்றது. ஆவணி முதல் முகூர்த்தத்தன்று விடியலில் அவ்வறைகளுள் முதலில் நீராடப் புகுவோர் யாவர்? தூக்கம் வராத முதியோரே. அவர்களுட் பாதிப்பேர் நீரிழிவு உடையவர். என் மாமன் நோயுற்றுக் கிடந்த நாட்களில் இக்காட்சியே என் கண்முன் நின்றது.

வேண்டுவது பெருஞ்செலவன்று. பூட்டிக் கிடக்கும் காலத்திலும் வாரம் ஒருமுறை ஒவ்வோர் அறையிலும் வெந்நீர்க் குழாயையும் குளிர்நீர்க் குழாயையும் சில நிமிடம் ஓடவிட வேண்டும். ஓடவிடுபவர் ஷவரின் தலையைக் கழற்றிவிட்டோ, அதனை வாளி நீருள் அமிழ்த்தியோ, திவலை எழாதவாறு திறந்து, சாளரத்தையும் திறந்துவைத்து வெளியே வந்துவிட வேண்டும். இல்லையேல் காப்பாற்றப் போனவரே நோயை முகர்வார். முகூர்த்தத்துக்கு முதல்நாள் கீசர்களை முழுச்சூட்டுக்குக் காய்ச்சி ஒருமுறை வடித்தல் வேண்டும். மாணவர் விடுதியும் கோடை விடுமுறை கழிந்து திறக்கும்போது இவ்வாறே செய்தல் தகும். மண்டபக் காவலருக்கு இவ்வேலையால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மிகுதியாகும். அதற்குரிய கூலியை அவர்க்கு இட்டுக்கொடுத்தல் நிர்வாகக் குழுவினர் கடமை. வீட்டை நான்கு நாள் பூட்டி ஊருக்குச் சென்று திரும்பும் நம் குடும்பத்தாரும் முதல் நீரைக் குளிக்காது ஓடவிடுக. அந்நீரை வீணாக்காது தோட்டத்துக்கோ தரை கழுவுதற்கோ பிடித்துக்கொள்ளலாம்.

நிர்வாகக் குழுவினர் இசைந்தால், வரும் ஞாயிறன்று காலையில் யானும் என் மாணவர் நால்வரும் மண்டபத்துக்கு வந்து பன்னிரண்டு ஷவர்களையும் கழற்றி ஊறவைப்போம். வினிகரும் துலக்கிகளும் யாங்களே கொண்டுவருவோம். மேல்மாடித் திறவுகோல் செயலாளரிடம் உள்ளதென அறிகின்றேன்.